ரேந்தைப் பின்னுவாரின் திருநாளும் பாட்டும் பெயரெழுத்தும்

மெல்லிய நூலிழைகளைக் குறுக்கிட்டும் முறுக்கியும், இடையிடையே வெளி விட்டும் செய்யப்படும் துளைப்பின்னலை இன்று நாம் ‘லேஸ்’ என்றே வழங்குகின்றோம். இதற்கு முன்னரே தமிழில் ஒரு சொல் உண்டு. அஃது ‘ரேந்தை’ என்பதாம். போர்த்துக்கேசியரின் ‘ரெந்தா’ என்னும் சொல் தமிழில் புகுந்து, ஐகார ஈறு பெற்று, இவ்வடிவம் கொண்டது. சிங்களத்தில் அதுவே ‘ரேந்த’ என நிற்கின்றது. பின்னுதற்குரிய நூற்கட்டையையும் அம்மொழியார் ‘பீரலு’ எனப் போர்த்துக்கேசியச் சொல்லின் திரிபாலேயே குறிப்பர். ரேந்தையைச் சரிகை என மொழிபெயர்ப்பாரும் உளர். அது பொருந்தாது. சரிகை என்பது பொன்னிழை அல்லது வெள்ளியிழை. ஆடையோடு சேர்த்து நெய்யப்படுவது. ரேந்தையோ ஆடையைச் சாராது தனித்து நிற்கும் பின்னல். ஆதலின் இக்கட்டுரையில் ரேந்தை என்னும் சொல்லே ஆளப்படுகின்றது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெட்போர்டு, பக்கிங்காம், நார்த்தாம்டன் என்னும் மூன்று கோட்டங்களின் சிற்றூர்களில் ரேந்தை பின்னி வாழ்ந்த ஏழை மகளிர் சில நூற்றாண்டுகளாகக் கொண்டாடிவந்த திருநாட்கள், அவர்கள் பாடிய எண்ணுப் பாடல்கள், தம் நூற்கட்டைகளில் பொறித்துவைத்த பெயர்கள் ஆகியவற்றை ஆராய்வதே நம் நோக்கம். இவை கைத்தொழில் வரலாற்றுக்கு மட்டும் உரியன அல்ல. எழுதப்படிக்க மிகுதியும் அறியாத மகளிரின் இலக்கியம் எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு பிறர் கைப்பட்டு மாறுகின்றது என்பதை இவை நன்கு காட்டுகின்றன.

முதற்கண் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். வைக்கோல் இறுகத் திணித்த திண்டு ஒன்றன்மீது துளையிட்ட தோல்வரைபடத்தை விரிப்பர். கோலத்தின் புள்ளிகளே அத்துளைகள். நூல் சுற்றிய கட்டைகள் இணை இணையாகத் தொங்கும். இரண்டு இணைகளை, அதாவது நான்கு கட்டைகளை, ஒருங்கு எடுத்து நடுவிழைகள் இரண்டையும் குறுக்கிடச் செய்தல் ஒரு செயல். ஒவ்வோர் இணையையும் தன்னுள் முறுக்குதல் மற்றொரு செயல். எத்துணைச் சிக்கலான பூவேலையாயினும் இவ்விரு செயல்களின் அடுக்கே. குறுக்கிட்டு, முறுக்கி, மீண்டும் குறுக்கிட்டால் துணிபோல் அடர்ந்த பின்னல் உண்டாகும். குறுக்கிட்டு முறுக்கி அத்துடன் நிறுத்தினால் வலைபோன்ற நொய்ம்மைப் பின்னல் உண்டாகும். பின்னல் நெகிழாதவாறு துளைதோறும் ஒரு குண்டூசி நடப்படும். ஊசிகளின் எண்ணிக்கையே ஒரு பெண் நாள்தோறும் செய்த வேலையின் அளவாகும். இதனை மனங்கொண்டாலன்றி அவர்தம் பாடல்கள் விளங்கா.

குளிர்காலத்தில் அந்நாட்டில் பிற்பகலிலேயே இருள் சூழும். தனித்தனி விளக்கெரிக்கும் வசதி அம்மகளிர்க்கு இல்லை. எனவே உயர்ந்த முக்காலி ஒன்றின் நடுவில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, அதனைச் சுற்றி நீர் நிறைத்த கண்ணாடிக் குடுவைகளை அமைப்பர். ஒவ்வொரு குடுவையும் திரியின் ஒளியைக் குவித்து ஒரு திண்டின்மீது வீழ்த்தும். இவ்வாறு ஒரே திரியின் ஒளியில் பல பெண்கள் வட்டமாக அமர்ந்து பின்னினர். ஒரு விளக்கைப் பலர் பகிர்ந்த இவ்வட்டமே பாட்டு வளர்ந்த இடமுமாயிற்று.

சிறுமியரும் சில சிறுவரும் ஐந்து ஆறு வயதிலேயே ‘ரேந்தைப் பள்ளி’களுக்கு அனுப்பப்பட்டனர். பள்ளி என்பது பெயரளவே. ஒரு முதியவளின் சிறு வீட்டில் நெருங்கி அமர்ந்து நாள் முழுதும் பின்னுவதே அங்குக் கல்வி. கை தளராதிருக்கவும் ஊசிக் கணக்குத் தவறாதிருக்கவும் அவர்கள் பாடிய பாடல்களை ஆங்கிலத்தில் ‘டெல்’ என்பர். எண்ணுதல் என்னும் பழம்பொருளே இச்சொல்லில் நிற்கின்றது. கதை சொல்லுதல் என்னும் பொருளும் உடன் தொக்கு நிற்பது சுவையானது. பத்தொன்பது என்னும் எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைந்து செல்லும் பாடல்கள் பல. ஓர் அடிக்கு ஓர் ஊசி என்றவாறு நடவு நிகழும். சில பாடல்களில் இடையே வாய்மூடும் கட்டம் ஒன்று வரும். குறித்த ஊசிகள் நட்டு முடியுமளவும் எவரும் பேசுதல் கூடாது. நிமிர்ந்து பார்த்தலும் கூடாது. தவறினார்க்கு மேலும் சில ஊசிகள் தண்டமாக விதிக்கப்படும்.

வேலைக்குரிய பாடல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு உண்டு. உலக்கை வீழும் தாளமே அதன் யாப்பு. ஏற்றப்பாட்டிலும் சாலின் கணக்கு பாட்டினுள்ளேயே எண்ணப்படும். எனினும் இங்கு ஒரு வேறுபாடு உளது. உலக்கைப் பாட்டு உடலின் ஓசைக்கு இசைந்து செல்வது. ரேந்தைப் பாட்டுக்கு அத்தகைய ஓசை இல்லை. கட்டைகள் மெல்லத் தட்டும் ஒலி தவிர அங்குக் கேட்பது யாதுமில்லை. ஆகவே எண்ணே அதன் தாளமாகின்றது. மேலும் அப்பாடல்களின் பொருள் பெரும்பாலும் அச்சந் தருவது. தன்னைக் கொல்லக் காதலன் குழி தோண்டுவதை மரத்தின்மேல் ஒளிந்திருந்து காணும் பெண்ணைப் பற்றிய பாடல் அவற்றுள் ஒன்று. ஐந்து வயதுக் குழந்தைகள் இதனைப் பாடினர் என்பது வியப்பைத் தரும். அச்சம் உறக்கத்தை விரட்டும் என்பதனை அப்பள்ளி முதியவள் அறிந்திருந்தாள் போலும்.

இம்மகளிரின் பாட்டு மிகப் பழைமையானது என்பதற்குச் சான்று ஷேக்ஸ்பியரிடமே கிடைக்கின்றது. ‘பன்னிரண்டாம் இரவு’ என்னும் நாடகத்தின் இரண்டாம் அங்கம் நான்காம் காட்சியில், தான் விரும்பும் பழம்பாடல் எத்தகையது எனக் கூறும் ஓர்சினோ கோமான், நூற்கும் பெண்களும் எலும்புக் கட்டைகளால் இழை பின்னும் பெண்களும் பாடுவது அது என்கின்றான். அந்நாடகம் 1602 பிப்ரவரி 2ஆம் நாள் நடிக்கப்பெற்றமைக்குக் குறிப்பு உண்டு. பின்னும் மகளிர் பழம்பாடல் பாடுவர் என்பது அக்காலத்து அவையோர்க்கு விளக்க வேண்டாத செய்தியாக இருந்தது என்பதே இதனால் பெறப்படுவது.

இனித் திருநாட்களைக் காண்போம். நவம்பர் 25ஆம் நாள் புனித கதரீனின் விழா. நவம்பர் 30ஆம் நாள் புனித அந்திரேயாவின் விழா. ரேந்தை மகளிர் முன்னதைக் ‘கேட்டர்ன்ஸ்’ என்றும் பின்னதை ‘டேண்டர்ஸ்’ என்றும் தம் வாய்மொழியில் சிதைத்து வழங்கினர். 1752இல் அந்நாட்டு நாட்காட்டி மாற்றப்பட்டபின்னும் பழைய கணக்கை விடாத சில ஊர்கள் அந்திரேயா நாளை டிசம்பர் 11இல் கொண்டாடின. அன்று திண்டுகள் மூடிவைக்கப்படும். சீமைச் சோம்பு இட்ட அப்பம் சுடுவர். காய்ச்சிய பழமது அருந்துவர். எரியும் மெழுகுதிரியைத் தாண்டிக் குதிப்பர். சுடர் அணையாதிருந்தால் வரும் ஆண்டு நன்றாக அமையும் என்பது நம்பிக்கை. ஆண்கள் பெண்களின் உடையையும் பெண்கள் ஆண்களின் உடையையும் அணிந்து வீடுதோறும் சென்று வாழ்த்துவதும் உண்டு. பள்ளிச் சிறுமியர் தம் ஆசிரியையை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டு, விடுமுறை தருவதாக அவள் இசைந்த பின்னரே திறந்தனர். ஆண்டு முழுதும் அடங்கியிருந்தோர் ஒருநாள் ஆள்வோராகும் வழக்கம் இது.

இவ்விழாவின் தோற்றம் பற்றி அக்கோட்டங்களில் ஒரு கதை பரவியுள்ளது. எட்டாம் ஹென்றியால் விலக்கப்பட்ட கதரீன் அரசி, 1531 முதல் 1533 வரை பெட்போர்டுக் கோட்டத்து ஆம்ப்டில் என்னும் ஊரில் தங்கியிருந்தாள். அவ்வூரார் வேலையின்றி வாடுவதைக் கண்ட அரசி, தன் ரேந்தைகளையெல்லாம் எரித்துவிட்டுப் புதியன செய்யுமாறு அவர்க்குப் பணித்தாள். ரேந்தைக் கலையை அவர்க்குக் கற்பித்தவளும் அவளே. கேட்டர்ன்ஸ் நாள் அவள் நினைவாகவே எழுந்தது. இவ்வாறு அக்கதை செல்லும். ஓல்னி என்னும் ஊரைச் சேர்ந்த தாமஸ் ரைட் 1919இல் வெளியிட்ட ‘ரேந்தைத் திண்டின் காதை’ என்னும் நூலில் எண்ணுப் பாடல்கள் பலவற்றைத் தொகுத்து உதவினார். அவர் செய்த உதவி பெரிது. எனினும் அரசியின் கதையை அவரும் வேண்டிய அளவு ஐயுறவில்லை என்றே கூறவேண்டும்.

காலக்கணக்கு இக்கதைக்கு இடந்தரவில்லை. சூரிச் நகரில் 1561ஆம் ஆண்டளவில் அச்சான கோலநூல் ஒன்று உளது. ஆர். எம். என்னும் முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்மணி இயற்றியது அது. கட்டைகொண்டு பின்னும் இக்கலையை 1536இல் வெனிசு நகர வணிகர் தம் ஊருக்கு முதன்முதல் கொணர்ந்தனர் என அவர் எழுதியுள்ளார். வெனிசுக்கு அண்மையிலுள்ள சூரிச்சுக்கே அக்கலை 1536இல்தான் சென்றது. கதரீன் அரசியோ அவ்வாண்டு ஜனவரி 7ஆம் நாளே இறந்தாள். அங்ஙனமாக, கடல் கடந்த ஒரு சிற்றூரில் அதற்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னரே அவள் இதனைக் கற்பித்தாள் என்பதை எளிதில் ஏற்பதற்கில்லை. அரசி ஊசிவேலையில் வல்லவள் என்பது உண்மை. ஆனால் ஊசிவேலை வேறு, கட்டைப் பின்னல் வேறு. நெதர்லாந்தில் நிகழ்ந்த சமயக் கொடுமைக்கு அஞ்சி 1560களில் தொடங்கி இங்கிலாந்தில் குடியேறிய மக்களின் வழியாக இத்தொழில் வளர்ந்தது என்பதே காலத்தோடு இயைகின்றது.

ஆயின் கதரீன் பெயர் எங்ஙனம் வந்தது? அலெக்சாந்திரிய நகரத்துப் புனித கதரீனைச் சக்கரத்தில் வதைக்குமாறு தண்டனை விதிக்கப்பட்டது என்பது சமயக் கதை. சக்கரம் அவளுக்கு அடையாளமாகவே, இராட்டையில் நூற்பார்க்கு அவள் காவல் தெய்வமானாள். நூலைத் தொட்டு வாழும் பின்னுவாரும் அவ்விழாவைத் தமதாக்கிக்கொண்டனர். பின்னர்ச் சமய மாற்றத்தால் புனிதர் வழிபாடு அந்நாட்டில் குன்றியது. விழாப் பெயர் நின்றது. அதன் பொருள் மறந்தது. மறந்த இடத்தில் அதே பெயருடைய அரசி வந்து அமர்ந்தாள். ஊர்ப்பெயர்க்குக் காரணம் கற்பிக்கும் நம் தலபுராணங்களில் பயின்றார்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. இக்கதையால் நேரும் இழப்பு ஒன்றுண்டு. தம் கைத்திறத்தாலும், அகதிகளாக வந்த அயலாரிடம் கற்றதனாலும் அம்மகளிர் வளர்த்த தொழில், ஓர் அரசியின் கொடையாக மாறிவிடுகின்றது.

அவர்தம் பெயர் முற்றிலும் அழிந்ததோ எனின், இல்லை. நூற்கட்டைகள் அதனைக் காத்துள்ளன. நடுநாட்டுக் கட்டைகள் மரத்தாலும் எலும்பாலும் கடைந்தவை, விரலளவே பருமன். அடியில் கண்ணாடி மணிகள் கோத்த வளையம் ஒன்று தொங்கும். அஃது அணியன்று, கட்டை உருளாமலும் இழை தளராமலும் இருத்தற்கு அமைத்த எடை. எலும்புக் கட்டையில் சிறுசிறு புள்ளிகளாகத் துளைத்து, சிவப்பும் நீலமும் ஊட்டி, எழுத்துகளை அமைப்பர். உடையவளின் பெயர், தாயின் பெயர், பிறந்த நாள், காதலன் விடுத்த மணவேண்டுகோள், இறையன்பு, வாழ்த்து ஆகிய இவை அப்பொறிப்புகளின் பொருள். எழுத்துப் பிழைகள் மிகுதி. பேச்சில் ஒலித்தவாறே எழுதப்பட்டன. பானையோட்டில் தம் பெயர் கீறிய நம் பழந்தமிழ் மக்களை இவை நினைவூட்டுகின்றன. டீன்ஷேங்கர் ஊரினரான ஜெசி காம்ப்டனும் அவர் மகன் ஜேம்ஸ் காம்ப்டனும் இத்தகைய கட்டைகளைச் செய்து புகழ்பெற்றனர். அன்பு மட்டுமன்றி ஊர்ச் செய்தியும் கட்டையில் ஏறியது. 1860இல் பெட்போர்டுச் சிறை முன் தூக்கிலிடப்பட்ட ஜோசப் காசில் என்பவனின் பெயர் பொறித்த கட்டைகள் இன்றும் உள. அவனால் கொல்லப்பட்டவள் அவன் மனைவி. பெண்கள் தம் திண்டில் அப்பெயரைத் தொங்கவிட்டுப் பின்னினர் என்பது மேற்கூறிய அச்சப் பாடல்களோடு ஒத்துக் காண்டற்குரியது.

ஜான் ஹீத்கோட் 1808-09இல் வலைப் பொறிக்கு உரிமை பெற்றார். அது முதல் கைப்பின்னல் தேய்ந்தது. 1870களில் கல்விச் சட்டங்கள் குழந்தைகளை மெய்யான பள்ளிக்கு அழைத்துச் சென்றன. ரேந்தைப் பள்ளிகள் மறைந்தன. அதற்கு எவரும் இரங்க வேண்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலை வேறு வடிவில் மீண்டது. இங்கிலாந்தில் 1976இல் ரேந்தைக் கழகம் ஒன்று தோன்றியது. 1982இல் பிரான்சு நாட்டில் பன்னாட்டு அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. இன்று பின்னுவோர் கூலிக்காகப் பின்னுவதில்லை; விருப்பினால் பின்னுகின்றனர். கிறித்துமசு வரும்போது விண்மீன், மணி, பனித்துகள் முதலிய சிறு கோலங்களைப் பின்னி, வாழ்த்து அட்டையில் பொருத்தித் தோழியர்க்கு அனுப்புகின்றனர். அத்துடன் கோலத்தின் துளைவரைபடத்தையும் வைத்தனுப்புவாரும் உளர். வாழ்த்தும் பாடமும் ஓர் உறையில் செல்கின்றன. ஒருவர்க்கொருவர் பெயர் பொறித்த கட்டைகளைப் பரிசளிக்கும் வழக்கமும் தொடர்கின்றது. கேட்டர்ன்ஸ் நாளில் கூடி அப்பம் உண்ணும் குழுக்களும் உண்டு. அவர்களும் அரசியின் கதையையே விரும்பிச் சொல்கின்றனர்!

இத்தொழில் தமிழகத்தொடும் தொடர்புடையது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். 1820களில் மார்த்தா அம்மையார் அங்குப் பெண்கள் பள்ளியில் ரேந்தைப் பின்னலைப் புகுத்தினார். அவர் மகள் எலிசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது இக்கலையும் அவருடன் சென்றது. 1856இல் வெளிவந்த ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண’த்தை நாம் பலகாலும் பயில்கின்றோம். அந்நூல் எழுந்த நாட்களில் அவ்வூர்ப் பெண்கள் திண்டின்முன் அமர்ந்து என்ன சொற்களால் தம் தொழிலைப் பேசினர் என்பதை நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. அன்னையர் இருவரின் பெயர் நூல்களில் நின்றது. பின்னிய பெண்களின் பெயரைத் தாங்க அங்குக் கட்டைப் பொறிப்பும் இல்லை.

நாகர்கோவில், இடையன்குடிப் பகுதிகளில் இத்தொழிலை அறிந்த குடும்பங்களிடம் நம் ஆய்வு மாணவர் சென்று கேட்கத்தக்கவை சில: திண்டுக்கும் கட்டைக்கும் வழங்கிய பெயர், குறுக்கிடுதற்கும் முறுக்குதற்கும் உரிய வினைச்சொற்கள், கோலங்களின் பெயர், ஊசி எண்ணுங்கால் பாடிய பாட்டு உண்டாயின் அது, கற்பித்த பாட்டியின் பெயர்.