கடலுக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது?

கடலைப் படம் எடுக்கும் செயற்கைக்கோளின் கருவிக்குள் வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வந்ததே அல்ல; காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறியது. அதைக் கழித்துவிட்டு, மிஞ்சும் சொற்ப ஒளியை வைத்துத்தான் நீரின் தெளிவைச் சொல்லியாக வேண்டும்.

சொல்லவும் முடிகிறது. தெளிந்த நீர் சிவப்பை விழுங்கி நீலத்தைத் திருப்பி அனுப்பும். நுண்பாசி பெருகினால் நீலம் குறைந்து பச்சை கூடும்; வண்டல் கலந்தால் பழுப்பேறும். 1978இல் நாசா ஏவிய நிம்பஸ்-7 இந்த நிறக் கணக்கைத் தொடங்கி வைத்தது. இந்தியாவின் ஓஷன்சாட் வரிசை 1999 முதல் இதே வேலையைச் செய்கிறது.

ஆனால் மேலிருந்து தெரிவது மேல்நீர் மட்டுமே. தெளிந்த பெருங்கடலில் சில பத்து மீட்டர், கலங்கிய கரையோரத்தில் ஓரிரு மீட்டர், அவ்வளவுதான். மேகம் மூடினால் அதுவும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடலின் அடிநீர் மேலேறி நுண்பாசி செழிக்கும் மாதங்களில்தான் மேகமும் திரண்டு நிற்கிறது. பார்க்க வேண்டிய நேரத்தில் கண் மூடிக்கொள்ளும் கருவி என்றால் மிகையில்லை.

அந்தக் குறையை ஆர்கோ மிதவைகள் ஓரளவு தீர்க்கின்றன. உருளை வடிவம், உந்துவிசிறி கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குள் தள்ளினால் எடை மாறாமல் பருமன் கூடும், மிதவை மேலேறும். எண்ணெயைத் திரும்ப இழுத்தால் இறங்கும். 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து திரிந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, அளந்துகொண்டே மேலே வந்து, தரவைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4000 மிதவைகள் உள்ளன. பெரும்பாலானவை வெப்பமும் உப்பும் மட்டும் பார்ப்பவை. ஒளி, பச்சையம், மிதக்கும் துகள் ஆகியவற்றை அளக்கும் உயிர்வேதி மிதவைகள் சில நூறுதான். ஒளியளவி உள்ளவற்றை நண்பகலை ஒட்டி மேலேற வைக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் இருட்டில் கிடப்பதால் கண்ணாடியில் பாசி படிவதும் குறைவு. இந்தியப் பெருங்கடல் தரவுகளை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தொகுக்கிறது; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வெப்பக் கடல்கள் பலவற்றில் பச்சையம் மிகுந்த அடுக்கு 100 மீட்டர் ஆழத்தை ஒட்டி இருப்பதை இம்மிதவைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. செயற்கைக்கோளுக்கோ அங்கே வெறும் நீலம். மறுபுறம், பரந்த கடலில் மிதவை தொடுவது ஒரு புள்ளியை மட்டுமே. ஆகவே வானம் தெளிந்த நாளில் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்க வாய்த்தால் அளவுகளை ஒப்பிட்டு, செயற்கைக்கோள் கணக்கைத் திருத்துகிறார்கள்.

இந்த இரண்டுக்கும் மூத்தது ஒரு வெள்ளைத் தட்டு. 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து அதைக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த அத்தகைய குறிப்புகளையும் பச்சைய அளவீடுகளையும் இணைத்து, உலக நுண்பாசி குறைந்து வருகிறது என்று 2010இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. பழைய தட்டையும் புதிய கருவியையும் கலந்ததே அந்தச் சரிவைத் தோற்றுவித்தது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். செயற்கைக்கோளின் நிறத்தரவு இடைவெளியின்றிக் கிடைப்பது 1997 முதல்தான் என்பதால், நீண்டகாலப் போக்கு பற்றிய வழக்கில் தட்டின் சாட்சியத்தை ஒதுக்கவும் முடியவில்லை.

பாக் நீரிணைப் பகுதி போன்ற இடங்களில் அந்தத் தட்டின் தேவை இன்னும் நேரடியானது. அங்கே ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள். ஆர்கோ மிதவைக்கு இறங்க இடமில்லை. நீர் தெளியும் நாளில் அடிமணலின் வெளிச்சமே செயற்கைக்கோளின் கணக்கைக் குழப்பிவிடும். படகில் போய்த்தான் அளந்து வர வேண்டும்.