மீன் லோடு வண்டியில் மேட் விரித்தும் பாடி ஓட்டை விழுவது ஏன்? செய்ய வேண்டியது என்ன?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் மீன் பெட்டிகளோடு கிளம்பும் லோடு ஆட்டோக்களில் சிலவற்றை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். இன்ஜின் நன்றாக ஓடும், டயரும் புதுசாக இருக்கும். ஆனால் பின்னால் பாடியின் தரை மட்டும் பொரிந்து போய், மூலைகளில் ஓட்டை விழுந்திருக்கும். அடியில் ரப்பர் மேட்டோ பழைய ஃபிளெக்ஸ் பேனரோ விரித்துத்தான் இருப்பார்கள். அப்படியும் ஏன் இப்படி ஆகிறது?

எவ்வளவு தண்ணி வரும்?

வெயில் ஊர்களில் 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் போட வேண்டும் என்பது மீன் பதப்படுத்துதலில் அடிப்படைக் கணக்கு. 'குட்டி யானை' என்று நம்மூரில் சொல்லும் சின்ன லோடு வண்டி முக்கால் டன் வரை ஏற்றும். 350 கிலோ மீன், 350 கிலோ ஐஸ் என்று வைத்துக்கொள்வோம். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. ஏற்றி, போய், இறக்குவதற்குள் கால்வாசி ஐஸ் உருகினாலே கிட்டத்தட்ட 90 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஆறு குடம்!

அந்தத் தண்ணி வெறும் தண்ணி இல்லை. மீன் ரத்தம், வழவழப்பு, மீனோடு ஒட்டி வந்த கடல்நீர் எல்லாம் அதில் கலந்திருக்கும். பின்கதவு இடுக்கு வழியாக அது ரோட்டில் ஒழுகினால், பின்னால் வரும் பைக்காரருக்குத்தான் ஆபத்து. கொழுப்பும் தண்ணியும் கலந்த ரோட்டில், அதுவும் வளைவில் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும்.

பிரச்னை மேட்டுக்கு அடியில்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு கலந்த தண்ணியில் மின்சாரம் எளிதாகக் கடக்கும். துரு பிடிப்பதும் ஒரு மின்வேதி வினைதான் என்பதால், நல்ல தண்ணியை விட உப்புத் தண்ணி இரும்பை வேகமாக அரிக்கிறது.

இதில் மேட் எங்கே வருகிறது? மேட் மேலே படும் அடியையும் கீறலையும் தாங்கும், அது உண்மைதான். ஆனால் ஓரத்தில் இறங்கும் தண்ணி அதற்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். வெயில் படாது, காற்று படாது, காயவே காயாது. மேட் இல்லாத தரையாவது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதாவது, தூக்கிக் கழுவாத மேட் பாதுகாப்பு கிடையாது, துருவுக்குப் போட்ட போர்வை. காய்ந்தாலும் முழுசாக நிம்மதி இல்லை. படிந்த உப்பு, கடலோரக் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி கசியும்.

ஆகவே எதை விரிக்கிறோம் என்பதை விட, தண்ணி எந்த வழியாக வெளியே போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்போ என்ன போடலாம்?

செலவு குறைந்த வழி: தரையில் உள்ள துருவை முழுசாகச் சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே எபாக்சி பெயின்ட். அதன்மேல் மேட் போட்டாலும், லோடு இறக்கியதும் தினமும் தூக்கி நிறுத்திக் காய வைக்க வேண்டும். துரு மேலேயே பெயின்ட் அடித்தால் காசுதான் தண்டம், சீக்கிரமே உரிந்துவிடும்.

கடலூர் கரையோர ஊர்களில் இன்னொரு வசதி இருக்கிறது. ஃபைபர் படகு பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் உண்டு. அதே ஃபைபரில் பாடியின் அளவுக்கு ஒரு தொட்டி செய்து உள்ளே இறக்கலாம். கழற்றி எடுக்கும்படி இருக்க வேண்டும், ஒரு மூலையில் மூடியோடு வடிகுழாயும் வேண்டும். குழாயை கேனில் விட்டால் தண்ணி ரோட்டுக்குப் போகாது. தொட்டியின் எடையும் லோடு கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

'டைமண்ட் ஷீட்' என்கிற அலுமினியத் தகடு அடிக்கலாமா என்றால், நேரடியாக இரும்பு மேல் அடிக்காமல் இருப்பது நல்லது. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணியில் ஒன்றை ஒன்று தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். நடுவே ரப்பர் கொடுத்தால் திரும்பவும் தண்ணி சிக்கும். மீன் வண்டிக்கு இது தோதுப்படாத சமாச்சாரம்.

பாடியின் பக்கச்சுவரை உயர்த்திக் கட்டுவது வேறு விஷயம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் செய்ய வேண்டாம்.

புது வண்டியே வாங்கும் யோசனை இருந்தால், 2020-ல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் ஐஸ் பெட்டி பொருத்திய பைக், ஆட்டோ, குளிர்காப்பு வண்டி ஆகியவற்றுக்கு மானியம் அறிவிக்கப்பட்டது. பொதுப் பிரிவுக்கு 40%, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60%. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

கழுவுவதில் நடக்கும் தப்பு

துறைமுகத்திலேயே வாளி விட்டு மொண்டு கழுவினால் உப்பைத்தான் மேலும் சேர்க்கிறோம். நல்ல தண்ணி வேண்டும், அதுவும் முதலில் பச்சைத் தண்ணி. சுடுதண்ணி ஊற்றினால் ரத்தக்கறை வெந்து ஒட்டிக்கொள்ளும்.

வாடைக்குக் காரணம், மீன் கெடும்போது பாக்டீரியா உருவாக்கும் ட்ரைமெத்திலமைன் என்ற பொருள். அது காரத் தன்மை உள்ளது, அதனால்தான் புளியோ எலுமிச்சையோ அதை அடக்குகிறது. வீட்டில் மீன் கழுவும்போது அம்மாக்கள் செய்யும் அதே வேலைதான். தேய்த்த பிறகு நல்ல தண்ணி விட்டு அலசிவிடுங்கள், புளிப்பும் இரும்பில் தங்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரும் இரும்பை அரிக்கும். அதைப் புளி, வினிகர், ஆசிட் எதோடும் சேர்க்கவே கூடாது, விஷமான குளோரின் வாயு கிளம்பும்.

பட்டறையில் விட நேரம் எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பண்ருட்டி பலா சீசனும் அப்போதுதான். மீன் வாடை போகாத வண்டியில் பலாப்பழம் ஏற்ற எந்த வியாபாரி சம்மதிப்பார்? தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே பாடி வேலையை முடித்தால் மீதி நாளுக்கு லோடு பிடிக்கலாம்.

காரில் மீன் வாங்கி வருபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டை போய் இறால் வாங்கி டிக்கியில் வைப்பவர்கள், கவரை மட்டும் நம்ப வேண்டாம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். சிந்திவிட்டால் மேல் கார்ப்பெட்டைத் துடைப்பதோடு விடாமல், ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பாருங்கள். பல கார்களில் தண்ணி அந்தக் குழியில்தான் போய்த் தேங்கும், அதன் அடியில் ரப்பர் மூடி இருந்தால் கழற்றி வடித்துவிடலாம்.