ஆடுதடா... பல் ஆடுதடா!

நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் தேர். ஆபீஸ் நண்பர் முறுக்கைக் கடித்தார். 'கடக்!' முறுக்கு உடையவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன் வைத்த இம்ப்ளான்ட் பல் ஆட்டம் கண்டுவிட்டது.

''மேலமலையில விஜயாலய சோழீச்சரம் ஆயிரம் வருஷத்துக்கு மேல அசையாம நிக்குது. என் பல்லைப் பாருடா!'' என்று புலம்பினார்.

பதறாதீங்க சார். இம்ப்ளான்ட் மூன்று பாகம். எலும்புக்குள் டைட்டானியம் ஆணி, நடுவே இணைப்பு, மேலே தொப்பி மாதிரி பல். மேல் ரெண்டும் லூஸானால் பெரும்பாலும் திருகை முடுக்கியோ, சிமென்ட் வைத்தோ சரிசெய்துவிடலாம். ஆணியே ஆடினால்தான் வம்பு. பொதுவாகக் கழற்றிவிட்டு, எலும்பு ஆறியபின் புதுசு வைக்கணும்.

எது ஆடுகிறது? நாக்குக்குத் தெரியாது, டாக்டருக்கும் எக்ஸ்ரேவுக்கும்தான் தெரியும். 'வலிக்கலையே' என்று தள்ளிப்போடாதீங்க. இதற்கு நிஜப் பல் மாதிரி நரம்பு கிடையாது!

அதுவரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. விரலால் ஆட்டிப் பார்க்கக் கூடாது. பசை போட்டு ஒட்டவே கூடாது. கழன்று விழுந்தால் டப்பாவில் பத்திரமாக எடுத்துப் போங்கள். வீக்கம், சீழ் என்றால் அன்றைக்கே ஓடுங்கள்.

ஸ்வீடனில் 1965-ல் டாக்டர் பிரானமார்க்கிடம் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட முதல் மனிதர், சுமார் 40 வருஷம் அதோடு வாழ்ந்தார். எதிரிகள் சிகரெட், சர்க்கரை, தூக்கத்தில் பல்லை நறநறப்பது, ஈறில் சேரும் அழுக்கு.

நண்பர் மறுநாளே டாக்டரிடம் போனார். திருகுதான் லூஸ்! முடுக்கிவிட்டு, ''சிகரெட்டை விடுங்க'' என்றாராம். இப்போ முறுக்கை விட்டுவிட்டார்!