பிடித்த மீன் பிழைக்குமா?

ஆற்றில் தொடையளவு தண்ணீரில் ஒருவர் குனிந்து நிற்கிறார். அவருடைய இரு கைகளிலும் ஒரு பெரிய மீன். தூண்டிலில் வெகுநேரம் போராடிப் பிடித்த மீன் அது. ஆனால் அவர் அதைக் கரைக்குக் கொண்டுவரவில்லை. சற்று நேரம் நீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருந்துவிட்டுக் கைகளை விரிக்கிறார். வாலை ஒருமுறை வீசிவிட்டு மீன் ஆழத்தில் மறைகிறது.

"இவ்வளவு பாடுபட்டுப் பிடித்துவிட்டு ஏன் விடவேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். இன்னொரு கேள்வியும் உண்டு. நீந்திச் சென்ற அந்த மீன் நாளைக்கும் உயிரோடு இருக்குமா?

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழும் மஹசீர் என்ற மீனை எடுத்துக்கொள்வோம். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சிறு மீன், நண்டு, நத்தை, நீரில் விழும் பழம் எல்லாவற்றையும் தின்னும். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தை ஓட்டையும் நொறுக்கிவிடும். 1946-ஆம் ஆண்டு கபினி ஆற்றில் பிடிபட்ட ஒரு மஹசீர் 54 கிலோ எடை இருந்தது. உங்களில் பலருடைய எடையைவிட அது அதிகம்!

இவ்வளவு பெரிய மீன் தூண்டிலில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? முழுப் பலத்தோடு ஓடும். நீங்கள் நூறு மீட்டர் ஓட்டப் பந்தயத்தில் ஓடி முடித்ததும் கால்கள் தளர்ந்து, மூச்சு வாங்குகிறதல்லவா? தசைகளுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் உடனே கிடைப்பதில்லை. ஆக்ஸிஜன் இல்லாமலேயே அவை சக்தியை உண்டாக்கிக்கொள்கின்றன. அப்போது லாக்டிக் அமிலம் சேர்கிறது. மீனின் உடலிலும் இதுவே நடக்கிறது. போராட்டம் நீள நீள இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அந்த நிலை மாறிப் பழையபடி ஆவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

பந்தயம் முடிந்ததும் யாராவது உங்கள் மூக்கையும் வாயையும் பொத்தினால் எப்படி இருக்கும்? களைத்த மீனைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்குவதும் அப்படித்தான். "வெளியே காற்றில் நிறைய ஆக்ஸிஜன் இருக்கிறதே!" என்று நினைப்பீர்கள். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வண்ணம் தீட்டும் தூரிகையை ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மயிர்கள் தனித்தனியே விரிந்து நிற்கும். வெளியே எடுங்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மீனின் செவுள் இழைகளும் காற்றில் இப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன. ஆக்ஸிஜனை உறிஞ்சும் பரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது.

1992-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பெர்கூசன், டஃப்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இதை அளந்து காட்டினார்கள். வானவில் டிரவுட் என்ற மீன்களைக் களைத்துப் போகும்வரை துரத்தினார்கள். வெறுமனே களைத்த மீன்களில் 12 மணி நேரத்துக்குள் இறந்தவை 12 சதவீதம். களைத்தபின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதம்! டிரவுட் குளிர்ந்த நீரில் வாழ்வது. ஆகையால் இதே எண்கள் மஹசீருக்கும் பொருந்தும் என்று சொல்லக்கூடாது. ஆனால் ஒரு புகைப்படத்துக்காக மீனைத் தூக்கி நிறுத்தும் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்குகிறதல்லவா?

தூண்டில்காரர் ஏன் நீரில் இறங்கினார் என்பது இப்போது புரியும். மீனைக் கரைக்கு இழுக்காமல், அது இருக்கும் இடத்துக்கு அவர் போகிறார். முதலில் கைகளை நனைத்துக்கொள்கிறார். உலர்ந்த கை பட்டால் மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பான படலம் கழன்றுவிடும். நோய்க் கிருமிகளைத் தடுப்பது அந்தப் படலமே. அவருடைய தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டும் சிறு கூர் இல்லை. அதனால் முள் எளிதில் கழன்று வருகிறது. மீனின் பாரத்தைத் தண்ணீரே தாங்குகிறது. அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைக்கிறார். வாய் வழியே புகும் நீர் செவுள்களைக் கடந்து வெளியேறுகிறது. மீன் தானாகத் திமிறும்போதுதான் கையை எடுக்கிறார்.

இவ்வளவு செய்தும் வெயில் காலத்தில் ஆபத்து அதிகம். 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். ஆகவே ஆறு சூடேறிக் கிடக்கும் நாளில் தூண்டிலை எடுக்காமலிருப்பதே நல்லது.

சரி, பிடித்து விடுவதால் யாருக்கு என்ன லாபம்? ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகத்தில் காவிரிக் கரையில் உள்ள காலிபோர் என்ற இடத்தில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் குறிப்பேடு வைத்திருந்தார்கள். 23,620 மணி நேரத்தில் 6,161 மஹசீர்கள் பிடித்து விடப்பட்டன. விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்தபோது ஒரு கவலைக்குரிய செய்தி வெளிப்பட்டது. வேறு ஆற்றுப் படுகையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு மஹசீர் பெருகியிருந்தது. காவிரிக்கே உரிய திமில் மஹசீரோ குறைந்துகொண்டே வந்திருந்தது! 2018-ஆம் ஆண்டில்தான் திமில் மஹசீரின் சரியான விஞ்ஞானப் பெயர் 'டார் ரேமாதேவியை' என்று உறுதியாயிற்று. அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள இனமாக அது சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. இத்தகைய மீன் ஒவ்வொன்றும் பிழைப்பது எவ்வளவு முக்கியம்!

இதைப் படித்துவிட்டு நீங்கள் ஆற்றில் இறங்கிவிடாதீர்கள். நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், பெரியவர்களும் தடுமாறுவார்கள். ஆனால் ஏரிக்கரையில் யாராவது மீனைப் பிடித்து, "விட்டுவிடப் போகிறேன்" என்று சொல்லித் தூக்கிக் காட்டினால், நீங்கள் கரையில் நின்றபடியே விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். பத்து எண்ணுவதற்குள் மீன் தண்ணீருக்குத் திரும்பட்டும்.