கிளவுட் வாடகை: ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள்!

நம் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் சிறுதொழில் செய்பவர்களிடமிருந்து அடிக்கடி எழும் கேள்வி இது: "கணக்குவழக்கை கிளவுட்டில் வைத்தால் செலவு மிச்சம் என்றார்கள். மாதக் கடைசியில் பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே, ஏன்?" அரங்கில் நேரம் போதாமல் விட்டதை இங்கே விளக்குகிறேன்.

கிளவுட் என்றால் வானத்தில் மிதப்பதல்ல; இன்னொருவருடைய கணினியை நாம் வாடகைக்கு எடுப்பதுதான். இப்போது அந்தக் கணினிகள் நம் நாட்டுக்கே வந்துவிட்டன. 2024 ஆகஸ்டில் அமேசான் வெப் சர்வீசஸ் தன் மலேசிய மையத்தைத் திறந்தது. 2038க்குள் 620 கோடி அமெரிக்க டாலர் முதலீடு என்பது அதன் திட்டம். 2025இல் மைக்ரோசாப்டும் கோலாலம்பூர் வட்டாரத்தில் தன் மையத்தைத் தொடங்கியது. கணினி பக்கத்தில் வந்தாலும், எந்த முறையில் வாடகை கட்டுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஏறுபவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எப்போதாவது போகிறவர் அவ்வப்போது டிக்கெட் எடுக்கிறார். தினமும் வேலைக்குப் போகிறவர் 50 வெள்ளி கொடுத்து 'மை50' மாத பாஸ் வாங்குகிறார். ஒரு பயணத்துக்கு இரண்டரை வெள்ளி என்றால், 20 பயணத்துக்கு மேல் போகிறவருக்குத்தான் பாஸ் லாபம். கிளவுட்டிலும் இதே கணக்குதான்.

முக்கியமாக மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது, 'ஆன் டிமாண்ட்'. ஓடுகிற நேரத்துக்கு மட்டும் காசு. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் இதுதான் அதிக விலை.

இரண்டாவது, ஒப்பந்த முறை. ஓராண்டு அல்லது மூன்றாண்டுக்கு வாக்குக் கொடுத்தால் தள்ளுபடி கிடைக்கும். அமேசானில் இது அதிகபட்சம் 72 விழுக்காடு வரை போகும். ஆனால், கணினியைப் பயன்படுத்தாவிட்டாலும் காசு கட்டியே ஆக வேண்டும்.

மூன்றாவது, 'ஸ்பாட்'. விற்காமல் கிடக்கும் கணினியை 90 விழுக்காடு வரை மலிவாகக் கொடுப்பார்கள். தேவை வந்தால் இரண்டே நிமிட முன்னறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கல்யாண வீடியோவை இரவில் மாற்றி எடுப்பது போன்ற, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய வேலைக்கு இது பொருத்தம். கடையின் பில் கவுண்டரை இதில் வைத்தால், வாடிக்கையாளர் நிற்கும்போதே கணினி போய்விடும்!

இனி ஒரு கணக்கு. எளிமைக்காக மணிக்கு ஒரு வெள்ளி வாடகை, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 30 விழுக்காடு தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஏறக்குறைய 730 மணி நேரம். ஒப்பந்தம் போட்டவர் மாதம் 511 வெள்ளி கட்டுவார். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 17 மணி நேரத்துக்கு மேல் கணினி ஓடினால்தான் ஒப்பந்தம் லாபம்.

கிள்ளானில் ஒரு டியூஷன் மையம், பிற்பகல் 3 மணி முதல் இரவு 10 மணி வரை, மாதம் 26 நாள் கணினியை ஓட்டுகிறது. 182 மணி நேரம், 182 வெள்ளி. தள்ளுபடி என்ற சொல்லில் மயங்கி ஒப்பந்தம் போட்டால், மாதம் 329 வெள்ளி வீண். ஆண்டுக்கு 3,948 வெள்ளி! பகுதி நேர ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு உதவும் காசு அது.

மறுபக்கம், பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருப்பவரின் இணையக் கடை இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். அவருக்கு ஒப்பந்தத்தால் மாதம் 219 வெள்ளி மிச்சம். தீபாவளிக் கூட்டத்துக்கு வேண்டிய கூடுதல் கணினியை மட்டும் அந்தச் சில வாரங்களுக்கு ஆன் டிமாண்டில் எடுத்தால் போதும். அன்றாடத் தேவைக்கு ஒப்பந்தம், திடீர்க் கூட்டத்துக்கு மணிக்கணக்கு: அனுபவசாலிகள் இப்படித்தான் கலந்து செய்கிறார்கள்.

கண்ணில் படாத செலவுகளும் உண்டு. கணினியை நிறுத்தினாலும் தகவல் சேமிப்புக்கு வாடகை ஓடும். வெளியே அனுப்பும் தகவலுக்கும், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தனிக் கட்டணம். விலைப்பட்டியல் பெரும்பாலும் டாலரில் இருப்பதால், நாணய மதிப்பும் பில்லை ஆட்டும். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது; அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.20க்கும் கீழே இறங்கியது. போதாததற்கு, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி.

ஆகவே நேயர்களே, எடுத்த எடுப்பிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் ஆன் டிமாண்டில் ஓட்டி, எந்த நேரத்தில் எத்தனை கணினி ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்நாளும் குறையாத அளவு எதுவோ, அதற்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். மாலையில் கடை விளக்கை அணைப்பதுபோல் வேலையில்லாத கணினியையும் நிறுத்தப் பழகுங்கள். செலவு உங்கள் வரம்பை எட்டியதும் மின்னஞ்சல் வரும்படி இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். மேகத்தில் போடுவதற்கும் அதே அளவுகோல்தான்.