கல்லும் சேரும் கஷாயம்

2009-இல் சீனாவில் பன்றிக்காய்ச்சல் பரவியபோது, அங்குள்ள மருத்துவர்கள் இரண்டு பழைய கஷாயங்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழசு. மாஹுவாங் என்ற செடி, ஆப்ரிகாட் பருப்பு, அதிமதுரம், கூடவே ஜிப்சம். ஆமாம், கல்லேதான்! பொடித்துக் கொதிக்கவிடுவார்கள். மற்றது, சிங் அரச வம்சக் காலத்தது.

லேசான பாதிப்புள்ள 410 பேரிடம் சோதித்தார்கள். மருந்தே தரப்படாதவர்களுக்குக் காய்ச்சல் விட ஏறக்குறைய 26 மணி நேரம், ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைக்கு 20, கஷாயத்துக்கு 16. ஆனால் போலி மருந்து கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது பெரிய குறைதான்.

இன்னொன்று, நேயர்களே: மாஹுவாங்கில் உள்ள எபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.