திரைப்படம் தேட ஒரு வலைச் செயலி

‘தேவதாஸ்’ என்ற பெயரைக் கேட்டவுடன் தங்கள் நினைவுக்கு வரும் படம் எது? சரத்சந்திரரின் நாவலைத் தழுவி 1935இல் பரூவா வங்க மொழியில் எடுத்த படமா? 1953இல் நாகேசுவர ராவ் நடித்ததா? 1955இல் விமல் ராய் இயக்கியதா? அன்றி, 2002இல் பன்சாலி படைத்ததா? பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் வேறொரு படத்தின் வாசலில் போய் நிற்பது உறுதி. ஆகவே திரைப்படம் தேடும் செயலியை அமைக்கப் புகுவோர், பெயருக்கு அருகே ஆண்டையும் மொழியையும் தவறாது காட்ட வேண்டும்.

செய்திகளுக்கு எங்கே போவது? 2008இல் தோன்றிய ‘தி மூவி டேட்டாபேஸ்’ என்னும் களஞ்சியம், ஆர்வலர் பலரின் உழைப்பால் வளர்ந்து வருவது. அதில் ஒவ்வொரு படத்துக்கும் தனி எண் உண்டு. பெயர் எம்மொழியில் எழுதப்படினும் எண் மாறுவதில்லை. மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இவ்வேற்பாடு பெரிதும் உவப்பானது. செய்திகளைக் கேட்டுப் பெற ஒரு சாவியும் தருகின்றனர். அதனைப் பிறர் கண்ணில் படாதபடி நமது சர்வரில் வைத்தல் நலம்.

இனி, திரையின் அளவு. கைபேசிக்கு ஒன்றும் மேசைக் கணினிக்கு ஒன்றுமாக இரு பக்கங்கள் எழுதுவது வீண் சிரமம். ஒரே பக்கம் திரைக்கேற்பத் தன்னைச் சீர்செய்துகொள்ளும் முறையை ஈதன் மார்க்காட் 2010இல் விளக்கினார். ஒவ்வொரு சுவரொட்டிக்கும் குறைந்த அகலம் 150 பிக்சல், இடைவெளி 16 பிக்சல் என வகுத்துவிட்டால், 360 பிக்சல் திரையில் இரண்டும் 1200 பிக்சல் திரையில் ஏழும் தாமே வரிசையில் அமர்கின்றன. சிறு திரைக்குச் சிறிய படத்தையே அனுப்ப வேண்டும். இணையத்துக்கு அளந்து பணம் கட்டுவோர் நம் நாட்டில் அநேகர்.

தேடுபெட்டியில் ஒரு நுட்பம் உண்டு. பலர் இதனைக் கவனிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் களஞ்சியத்தை நாடாமல், விரல் ஓய்ந்து 300 மில்லி விநாடி கழிந்தபின் நாடுவது முறை. தமிழில் இது இன்னும் அவசியம். ‘தே’ என்பது கணினிக்குத் தகரமும் கொம்புமாக இரு குறியீடுகள்; பாதியில் கேட்டால் ‘த’ என்றே விடை தேடும். ‘கோ’ என்பதனையோ இருவகையாகப் பதியலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. யூனிகோடு வகுத்த இயல்பாக்க முறையால் இரண்டையும் ஒன்றாக்கிய பின்பே ஒப்பிட வேண்டும். இல்லையேல் இருக்கும் படத்தையே ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

பழைய படங்கள் பலவற்றுக்குச் சுவரொட்டி கிட்டாது. அவ்விடத்தை வெறுமையாக விடாமல், இரண்டுக்கு மூன்று என்ற அதே விகிதத்தில் ஒரு கட்டமிட்டு, அதனுள் படத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதிவிடலாம்.